திருநாளுக்குப் பிறப்புச் சான்று கேட்பதா?

ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்கள் பிறந்ததும் கிள்ளான் நகரில் இருவகைப் பொய்கள் உலாவரத் தொடங்குகின்றன. ஒன்று கண்ணால் காணும் பொய். மற்றொன்று காதால் கேட்கும் பொய். வேர்வை வழியும் வெப்பத்தில், கடைகளின் கண்ணாடிச் சாளரங்களில் பஞ்சைப் பிய்த்து ஒட்டி, "வெண்பனி பொழிகிறது, கிறிஸ்துமஸ் வந்துவிட்டது" என்று காட்டுவது முதற் பொய். இதனால் பெருந்தீங்கு இல்லை. திங்கள் முடிந்ததும் பஞ்சு குப்பைக்குப் போய்விடும். இரண்டாவது பொய் அத்தகையதன்று. அது மேடைகளிலும் ஆசிரியர் அறைகளிலும் அறிவின் குரலாக ஒலிக்கின்றது. "டிசம்பர் 25 இயேசு பிறந்த நாளே அன்று, உரோமானியரின் சூரிய விழாவைத் திருச்சபை களவாடித் தன் விழாவாக்கிக் கொண்டது" என்பதே அது. கேட்ட மாணவன் வகுப்பில் அதனைத் திருப்பிச் சொல்லுகின்றான். பக்கத்தில் அமர்ந்திருக்கும் கிறிஸ்தவ மாணவன் தலை குனிகின்றான். பஞ்சைப் போல இப்பேச்சு குப்பைக்குப் போவதில்லை, நெஞ்சில் தங்கிவிடுகின்றது.

இக்கூற்றின் முற்பகுதி ஏற்கத்தக்கது. இயேசு பிறந்த நாள் எதுவென எவருக்கும் தெரியாது என்பதைக் கிறிஸ்தவ அறிஞர்களே மறுப்பதில்லை. பிற்பகுதியோ மெய்ப்பிக்கப்படாதது. மெய்ப்பிக்கப்படாத ஒன்றை மெய்யெனக் கற்பிப்பது ஆசிரியர்க்கு அழகன்று. சான்றுகளை ஒவ்வொன்றாக ஆய்ந்தால் இது விளங்கும்.

இயேசுவின் பிறப்பைக் கூறும் மத்தேயு நற்செய்தியும் லூக்கா நற்செய்தியும் நாளையோ திங்களையோ குறிக்கவில்லை. லூக்கா, இரவில் வயல்வெளியில் மந்தையைக் காத்த ஆயர்களைப் பற்றி மட்டுமே கூறுகின்றார். கி.பி. 200ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிளமெந்து, பிறந்த நாள் மே 20 எனச் சிலரும், ஏப்ரல் 19 அல்லது 20 என வேறு சிலரும் கருதியதைப் பதிந்துள்ளார். அவர் தரும் செய்திகளில் டிசம்பர் 25 இடம்பெறவில்லை. அக்காலக் கிறிஸ்தவர்க்குப் பிறந்த நாள் விழாவில் நாட்டம் இருந்ததாகவும் தெரியவில்லை. உயிர்த்தெழுந்த நாளே அவர்களுக்குப் பெருநாள்.

டிசம்பர் 25ஐ ஐயமின்றிக் காட்டும் பழைய ஆவணம் கி.பி. 354இல் உரோமில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி நூலாகும். ஃபிலோகாலு என்னும் எழுத்தோவியர் வாலெந்தினு என்பவருக்காக உருவாக்கியது அது. அதிலுள்ள மறைச்சாட்சியர் பட்டியலின் தலைப்பில், டிசம்பர் 25இல் கிறிஸ்து யூதேயாவின் பெத்லகேமில் பிறந்தார் என்னும் குறிப்பு நிற்கின்றது. இப்பட்டியல் கி.பி. 336ஐச் சேர்ந்தது என்பது அறிஞர் துணிபு. அதே நூலின் மற்றொரு பகுதியான அரசாங்க நாட்காட்டியிலும் டிசம்பர் 25க்கு ஒரு குறிப்பு உண்டு. "வெல்லப்படாதவனின் பிறந்த நாள், 30 தேரோட்டங்கள்" என்பது அதன் பொருள். வெல்லப்படாதவன் எனப்பட்டவன் சூரிய தேவன்.

களவுக் கதை பேசுவோர் இங்கேதான் துள்ளிக் குதிக்கின்றனர். "பாருங்கள், ஒரே நாள்!" என்கின்றனர். ஒரே நாள் என்பது உண்மை. எது முந்தியது என்பதற்கு விடை எங்கே? இரண்டு விழாக்களும் அந்நாளில் நிகழ்ந்தன என்பதற்குக் கிடைக்கும் முதற்சான்று ஒரே நூலில், ஒரே அட்டைக்குள் இருக்கின்றது. பேரரசன் அவுரேலியன் கி.பி. 274இல் சூரியனுக்குக் கோயில் எழுப்பினான் என்பது வரலாறு. ஆனால் டிசம்பர் 25இல் அவன் ஆண்டு விழா ஏற்படுத்தினான் என்பதற்கு அவன் காலத்து ஆவணம் எதுவும் இல்லை. அந்த நாட்காட்டி நூலே சூரியனுக்குரிய பெருவிளையாட்டுகளை அக்டோபர் 19 முதல் 22 வரை குறிக்கின்றது. அவற்றின் இறுதி நாளுக்கு 36 தேரோட்டங்கள். டிசம்பரை விட அக்டோபரே சூரியனுக்குப் பெருவிழாக் காலமாக இருந்தது என்பது இதனால் புலனாகும். திருச்சபை சூரிய விழாவைக் கவரத்தான் திட்டமிட்டது என்றால், பெரியதை விட்டுச் சிறியதை ஏன் கவர்ந்தது?

இனிச் சட்டர்நேலியா என்னும் விழாவைச் சிலர் துணைக்கு அழைப்பர். அது டிசம்பர் 17இல் தொடங்கி 23 வரை நீண்ட விழா. 25ஐத் தொடவே இல்லை. மித்ரன் பிறந்த நாள் டிசம்பர் 25 என்பர் வேறு சிலர். அவ்வாறு கூறும் பழைய ஆவணம் எதுவும் இல்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்ல, மற்றவர் சொன்னதை மேடை சொல்ல, மேடை சொன்னதைப் பள்ளி சொல்ல, பொய்க்குப் புகழ் சேர்ந்தது.

இந்நாள் அமைந்ததற்கு மற்றொரு விளக்கமும் உண்டு. இயேசு சிலுவையில் இறந்த நாள் மார்ச் 25 என்று மேற்றிசைக் கிறிஸ்தவர் கணித்தனர், கி.பி. 200 அளவில் வட ஆப்பிரிக்காவில் எழுதிய தெர்த்துல்லியன் இதனைக் கூறுகின்றார். மாபெரும் மாந்தர் கருவில் உருவான நாளிலேயே இறப்பர் என்னும் எண்ணம் இதனோடு சேர்ந்தது. மார்ச் 25இல் கருவுற்றால் ஒன்பது திங்கள் கழித்து டிசம்பர் 25 வருகின்றது. கீழைத் திருச்சபையினர் சிலர் ஏப்ரல் 6 எனக் கணித்தனர். அவர்களுக்குப் பிறப்பு விழா ஜனவரி 6 ஆயிற்று. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6இலேயே கொண்டாடுகின்றது. சூரிய விழாவிலிருந்து களவாடியதே காரணம் என்றால் ஜனவரி 6 எங்கிருந்து வந்தது என்பதற்கு விடையில்லை. கணிப்பே காரணம் என்றால் இரண்டு நாள்களும் ஒருங்கே விளங்குகின்றன. 1889இல் பிரெஞ்சு வரலாற்றறிஞர் துஷேன் எடுத்துரைத்த கருத்து இது.

இவ்விளக்கத்திலும் ஓட்டை உண்டு. மார்ச் 25இல் கருவுற்று அதே நாளில் இறந்து டிசம்பர் 25இல் பிறந்தார் என்று அகுஸ்தீன் எழுதுவது ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில்தான். அஃது 336க்குப் பிந்தியது. விழா ஏற்பட்ட பிறகு கற்பித்த காரணமாகவும் அது இருக்கலாம். ஆகவே அறிஞர் உலகில் வழக்கு இன்னும் முடியவில்லை. முடியாத வழக்கில் மேடைப் பேச்சாளர் மட்டும் தீர்ப்பெழுதி, தண்டனையையும் பள்ளிப் பிள்ளைக்கு வழங்கிவிடுகின்றனர்.

"அப்படியானால் சூரியனுக்கும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் தொடர்பே இல்லையா?" என வினவலாம். தொடர்பு உண்டு. ஜூலியஸ் சீசர் அமைத்த நாட்காட்டியில் பகல் மிகக் குறுகிய நாளாக, கதிரவன் மீண்டும் வடதிசை நோக்கித் திரும்பும் நாளாக, டிசம்பர் 25 கருதப்பட்டது. இருள் தேய்ந்து ஒளி வளரத் தொடங்கும் நாளில் உலகின் ஒளி பிறந்தது என்று கூறுவதில் திருச்சபைப் பெரியோர் மகிழ்ந்தனர். மறைநூலில் இறைவாக்கினர் மலாக்கி கூறும் நீதியின் ஞாயிறு என்னும் உருவகமும் அவர்களுக்குத் துணை நின்றது. ஐந்தாம் நூற்றாண்டில் புனித பேதுரு கோயிலின் படிகளில் நின்று உதய சூரியனை நோக்கி வணங்கிய கிறிஸ்தவர்களைத் திருத்தந்தை முதலாம் லியோ கண்டித்துப் பேசியதும் உண்டு. இவையெல்லாம் ஒரே வானத்தின் கீழ் வாழ்ந்த மக்கள் ஒரே ஞாயிற்றை நோக்கினர் என்பதைக் காட்டுகின்றன. ஒரே ஞாயிற்றை இருவர் நோக்குவது களவாகுமா?

களவுக் கதையைப் பகுத்தறிவின் பயன் என்று எண்ணிப் பெருமை கொள்வோர், அது பிறந்த இடத்தை அறிந்தால் நாணுவர். அது நாத்திகர் நாவில் பிறந்ததன்று. கிறிஸ்தவருக்குள் நடந்த சண்டையில் பிறந்தது. உரோமைத் திருச்சபையை வெறுத்த தூய்மைவாதிகள் கிறிஸ்து பிறப்பு விழாவையும் வெறுத்தனர். இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647இல் அவ்விழாவைத் தடை செய்தது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதிக்கப்பட்டது. அச்சட்டம் 1681இல்தான் நீங்கியது. பாஸ்டன் நகரப் போதகர் இன்கிரீஸ் மேதர் 1687இல், உரோமரின் சட்டர்நேலியாவைத் தழுவியே இவ்விழா டிசம்பரில் அமைந்தது என்று எழுதினார். ஒரு சமயப் பிரிவினர் மற்றொரு பிரிவினரை வீழ்த்தத் தீட்டிய வாளை, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் கிள்ளானில் ஒருவர் எடுத்து "இது என் சிந்தனை" என்று சுழற்றுகின்றார். இரவல் வாளுக்கு இத்துணை வீரமா?

பிறர் திருநாளை அளக்க எடுத்த கோலைத் தமிழர் தம் திருநாள்மீதும் வைத்துப் பார்க்கட்டும்.

தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்று பஞ்சாங்கம் கூறுகின்றது. வானத்தில் கதிரவன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். தை முதல் நாள் வருவது ஜனவரி 14 அல்லது 15இல். இடையில் ஏறத்தாழ 24 நாள்கள். இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது? விண்மீன்களை வைத்துக் கணிக்கும் ஆண்டு, பருவங்களை வைத்துக் கணிக்கும் ஆண்டைவிடச் சற்று நீண்டது. ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் அவை விலகிச் செல்கின்றன. 1,500 முதல் 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டும் பொருந்தியிருந்தன, பிறகு பிரிந்தன. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் இதே கதை. சீசரின் நாட்காட்டி பருவத்தோடு பொருந்தாமல் நழுவிற்று. 1582இல் அக்டோபர் 4க்கு மறுநாளை 15 என எண்ணித் திருத்தந்தை கிரகோரி அதனைச் சீர்செய்தபோதும், சீசர் காலத்து நிலைக்கு அது திரும்பவில்லை, கி.பி. 325இல் கூடிய நிசேயாச் சங்கத்தின் காலத்து நிலைக்கே திரும்பியது. ஆகவே டிசம்பர் 25 இன்று கதிரவன் திரும்பும் நாளிலிருந்து மூன்று நான்கு நாள் தள்ளி நிற்கின்றது. தை முதல் நாளும் டிசம்பர் 25ம், ஞாயிறு திரும்பிய ஒரே நிகழ்வின் இரு நினைவுச் சின்னங்கள். ஒன்றை அறிவு என்றும் மற்றொன்றைக் களவு என்றும் கூற எந்த நூல் இடந்தரும்?

திருவள்ளுவர் பிறந்த நாளை எவரேனும் அறிவரா? கி.மு. 31 என்பது ஆண்டுக் கணக்குக்காக அறிஞர் இசைந்து வைத்த எண். வைகாசி அனுட நாளில் அவர் விழாவைக் கொண்டாடும் மரபு மயிலாப்பூரில் உண்டு. தமிழ்நாட்டரசோ தை இரண்டாம் நாளைத் திருவள்ளுவர் நாளாகக் கொண்டாடுகின்றது. இதனால் வள்ளுவர் பொய்யாகிவிட்டாரா? குறள் களவுப் பொருளாகிவிட்டதா? நாள் இசைவால் வந்தது. நன்றி நெஞ்சிலிருந்து வந்தது. தமிழ்ப் புத்தாண்டைத் தைக்கு மாற்றித் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2008இல் சட்டம் இயற்றியதும், 2011இல் அச்சட்டம் நீக்கப்பட்டதும் தமிழர் அறிந்தவையே. நாள் குறித்த வழக்கு தம் வீட்டிலேயே தீராதிருக்க, அண்டை வீட்டின் நாளை எள்ளி நகையாடுவது முறையோ?

இந்நாட்டுத் தமிழர் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. 1952இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி முன்னின்று தமிழர் திருநாளைத் தொடங்கினார். அது மலாயா முழுவதும் பரவியது. பொங்கல் நாளையொட்டி அவ்விழாவை அமைத்தவர்களின் நோக்கம் யாது? இந்துவாயினும் கிறிஸ்தவராயினும் இசுலாமியராயினும் தமிழ் பேசுவோர் அனைவரும் ஒரே பந்தலின் கீழ்க் கூட வேண்டும் என்பதே. பழைய நாள் ஒன்றுக்குப் புதிய பொருளைத் தெரிந்தே ஏற்றினர். அதனைத் தமிழர் எவரும் களவு என்று கூறவில்லை. ஒற்றுமை என்று போற்றினர். அவ்வொற்றுமையின் பயனை நுகர்ந்துகொண்டே, தமிழின் பெயரால் கிறிஸ்தவத் தமிழ்ப் பிள்ளையின் திருநாளை இழிப்பவர் அப்பந்தலின் காலை வெட்டுகின்றார்.

இவ்வளவும் ஒரு பக்கத்தாரை நோக்கியது. மறுபக்கத்தாரும் கேட்க வேண்டிய சொற்கள் சில உண்டு.

டிசம்பர் 25 வரலாற்று உண்மை என்று அடித்துப் பேசும் கிறிஸ்தவப் பெரியோர், தம் மறைநூல் சொல்லாததைச் சொல்லுகின்றனர். அந்தியோக்கியா நகரில் கி.பி. 386இல் பேசிய யோவான் கிறிசோஸ்தம், அவ்விழா அங்கே அறிமுகமாகிப் பத்தாண்டுகூட ஆகவில்லை என்று ஒளிவுமறைவின்றிக் கூறியிருக்கின்றார். அவருக்கிருந்த துணிவு இன்றுள்ளவர்க்கும் வேண்டும். நாள் மாந்தர் தேர்ந்தது என ஒப்புக்கொள்வதால் நம்பிக்கை குறையாது.

பஞ்சுப் பனியைப் பற்றியும் ஒரு சொல். இவ்விழா உரோமிலும் அந்தியோக்கியாவிலும் வளர்ந்தது. வெண்பனி மூடிய வடபுலத்தில் அன்று. பனிமூடிய கூரையும் பனியில் ஓடும் வண்டியும் பிற்காலத்து ஆங்கிலேயர், செருமானியர், அமெரிக்கர் ஆகியோர் வாழ்த்து அட்டைகளாலும் கதைகளாலும் பரப்பிய காட்சிகள். டிக்கன்ஸின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதை வெளிவந்ததே 1843இல்தான். தமிழில் பனி என்பது தலைமுறை தலைமுறையாகப் புல்நுனியில் துளிக்கும் பனியைக் குறித்த சொல். மார்கழியும் தையும் முன்பனிக் காலம் எனத் தமிழர் பெரும்பொழுதை வகுத்தனர். தொல்காப்பியர் முன்பனியைக் குறிஞ்சிக்கு உரிமையாக்கினார். கிறிஸ்து பிறப்பு விழா தமிழர் முன்பனியிலேயே வருகின்றது. அவ்வாறிருக்க, அச்சொல்லுக்குள் ஐரோப்பியரின் உறைபனியை நுழைத்துப் பஞ்சை ஒட்டுவானேன்?

கிள்ளானில் அம்முன்பனியும் இல்லை என்பதே உண்மை. உரோமில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஆறு மணி நேர வேறுபாடு. சென்னையில் அது ஒன்றரை மணி அளவு. நிலநடுக்கோட்டை ஒட்டிய கிள்ளானிலோ ஏறத்தாழ இருபது நிமிடமே. இங்கே டிசம்பரில் இருள் வெல்வதுமில்லை, ஒளி மீள்வதுமில்லை. ஆயினும் இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் வாயிலில் விண்மீன் விளக்கைத் தூக்குகின்றனர், குடில் கட்டுகின்றனர், முறுக்கும் அதிரசமும் சுட்டு அண்டை வீட்டாருக்கு வழங்குகின்றனர், நள்ளிரவில் தமிழில் பாடுகின்றனர். பருவம் தராத பொருளை மக்கள் தருகின்றனர். பனிக்காலமே இல்லாத மண்ணில் விழா வேரூன்றியது எனின், அதன் உயிர் பருவத்தில் இல்லை; பாடுகின்ற மக்களிடம் இருக்கின்றது. அறுவடை செய்ய வயலே இல்லாத கிள்ளான் அடுக்குமாடிகளில் பொங்கல் பொங்குவதும் அவ்வாறே.

இலங்கைத் தமிழர் இவ்விழாவை நத்தார் என்பர். பிறப்பைக் குறிக்கும் இலத்தீன்ச் சொல்லிலிருந்து வந்த போர்த்துக்கீசியச் சொல்லே தமிழில் அவ்வுருவம் பெற்றது. சூரியனின் பிறந்த நாளைக் குறிக்க 354ஆம் ஆண்டு நாட்காட்டி ஆண்ட சொல்லும் அந்த இலத்தீன்ச் சொல்லே. உரோமில் பிறந்த சொல் லிஸ்பன் வழியாக யாழ்ப்பாணம் வந்து, பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகள் வரை நடந்திருக்கின்றது. இத்துணை வழி நடந்த சொல்லைக் கண்டு வியக்காமல், களவு என்னும் ஒரே சொல்லால் கதையை முடிப்பது தமிழாசிரியர்க்கு எவ்வாறு மனம் ஒப்பும்?

தமிழுக்குக் கிறிஸ்தவர் செய்த தொண்டையும் ஈண்டு எண்ண வேண்டும். தமிழில் அச்சேறிய நூலாக இன்று கிடைக்கும் 1578ஆம் ஆண்டுத் தம்பிரான் வணக்கம் அவர்கள் தந்தது. வீரமாமுனிவரின் தேம்பாவணி 3,615 பாடல்களில் சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கிற்று. அவர் தொகுத்த சதுரகராதி தமிழ் அகராதிக் கலையில் ஒரு திருப்பம். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. தேம்பாவணியைக் காப்பியம் என்று காலையில் கற்பித்துவிட்டு, அக்காப்பியம் போற்றும் குடும்பத்தின் திருநாளைக் களவென்று மாலையில் பேசும் நாவு ஒரே நாவாக இருத்தல் கூடுமோ?

"ஆசிரியர் வினாவெழுப்பக் கூடாதா? சமய நம்பிக்கையைத் தொடவே கூடாதா?" என்று சிலர் சீறுவர். தாராளமாக வினாவலாம். எவர் சொன்னாலும் மெய்ப்பொருளைத் தேடுக என்பதே வள்ளுவர் காட்டிய நெறி. ஆனால் வினா எழுப்புவது ஒன்று; விடை தெரிந்தது போல் நடிப்பது வேறொன்று. டிசம்பர் 25இன் வரலாற்றை வகுப்பில் கற்பிக்க விரும்புபவர் கரும்பலகையை மூன்றாகப் பிரிக்கட்டும். ஒரு பக்கத்தில் ஆவணத்தால் தெரிந்தவற்றை எழுதட்டும்: 274, 336, 354, 386. மறுபக்கத்தில் அறிஞர் ஊகங்களை எழுதட்டும்: சூரிய விழா, மார்ச் 25 கணிப்பு. மூன்றாவது பக்கத்தில் தை முதல் நாளையும் திருவள்ளுவர் நாளையும் அதே முறையில் எழுதட்டும். தெரிந்தது இது, ஊகித்தது இது என்று பிரித்தறியப் பழகிய மாணவன், நாளை எந்த மேடையிலும் எந்தப் பொய்க்கும் அடிமையாகான். இந்துப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் அவ்வகுப்பிலிருந்து தலை நிமிர்ந்தே வெளியேறுவர்.

தமிழ்ப்பள்ளி, தமிழ்ப் பிள்ளைகள் அனைவருக்கும் பொதுவான கூரை. அக்கூரையின் கீழ் அமரும் ஒரு சிறுபான்மைப் பிள்ளை, "என் வீட்டுத் திருநாளை என் ஆசிரியரே இகழ்ந்தார்" என்று எண்ணிவிட்டால், அப்பிள்ளையின் பெற்றோர் அடுத்த பிள்ளையை வேறு மொழிப் பள்ளிக்கு அனுப்பத் தயங்குவரா? மாணவர் எண்ணிக்கை குறைகின்றது என்று மாநாடு கூட்டி வருந்துவோர், இத்தகைய சிறு சொற்களால் விலகும் குடும்பங்களையும் கணக்கில் சேர்க்கட்டும்.

திருநாள்கள் வானத்திலிருந்து நாள் குறித்து விழுந்தவை அல்ல. மாந்தர் வானத்தைப் பார்த்துத் தேர்ந்த நாள்கள் அவை. சில பிழையாகக் கணித்தவை, சில பிறரோடு பகிர்ந்தவை, சில காலத்தால் நழுவியவை. அவற்றிடம் பிறப்புச் சான்று கேட்கத் தொடங்கினால் எந்த இனத்தின் பெட்டியிலும் அது கிடைக்காது. பிறப்புச் சான்றே வேண்டும் என்று விடாப்பிடியாக நிற்பவர், முதலில் தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து காட்டட்டும்.